புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஒளிப்பட ஆவணகம்

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஒளிப்பட ஆவணகம் என்பது புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய ஒளிப்படத் தொகுப்பு ஆகும். தென்னிந்தியக் கோயில்கள், கற்சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், ஓவியங்கள் ஆகியவற்றைக் காட்டும் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் இதில் உள்ளன. கலை வரலாற்று ஆய்வுக்காகத் தொடங்கப்பட்ட இத்தொகுப்பு, 21 ஆம் நூற்றாண்டில் வேறொரு காரணத்தால் பெரிதும் அறியப்பட்டது. தமிழ்நாட்டுக் கோயில்களிலிருந்து திருடப்பட்டு வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குச் சென்ற சிலைகள், முன்பு எந்த ஊரில், எந்தக் கோயிலில் இருந்தன என்பதை மெய்ப்பிக்க இப்படங்களே பலமுறை சான்றாயின. படம் எடுக்கப்பட்டது மட்டும் இதற்குக் காரணமன்று. ஊர், கோயில், ஆண்டு ஆகிய விவரங்களோடு அது ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டதே முதன்மைக் காரணம்.

வரலாறு

பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. அதையடுத்து 1955 மார்ச்சில் பிரெஞ்சு நிறுவனம் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. மருத்துவரும் இந்தியவியல் அறிஞருமான ழான் ஃபிலியோசா (1906–1982) இதன் நிறுவன இயக்குநர் ஆவார். நிறுவனம் புனித லூயி வீதியில் கடற்கரையை நோக்கி அமைந்துள்ளது. தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் அதே காலத்தில் புதுச்சேரியில் தன் மையத்தை அமைத்தது. இவ்விரு நிறுவனங்களின் ஆய்வாளர்களும் கோயில் ஆய்வில் சேர்ந்து பணியாற்றினர். நிறுவனத்தில் உள்ள சைவ ஓலைச்சுவடிகள் 2005 இல் யுனெசுக்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

ஆகம நூல்களை ஆராய்ந்தவர்களுக்கு அந்நூல்கள் விதிக்கும் படிம இலக்கணம் உண்மையான கோயில்களில் எவ்வாறு பின்பற்றப்பட்டுள்ளது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவை இருந்தது. ஒளிப்படப் பணி அதிலிருந்தே பிறந்தது. ஆகவே புகழ்பெற்ற பெருங்கோயில்களோடு மட்டும் நில்லாமல், பூசை நின்றுபோன சிற்றூர்க் கோயில்களுக்கும் ஒளிப்படக் கருவி சென்றது. பின்னாளில் திருட்டுக்கு எளிதில் இரையானவை பெரும்பாலும் அத்தகைய சிற்றூர்க் கோயில்களே என்பதால், அன்றைய ஆய்வாளர்களின் இந்த முடிவு எதிர்பாராத மதிப்பைப் பெற்றது.

தொடக்ககால ஆய்வாளர்களுள் பி. இசட். பட்டாபிராமின் குறிப்பிடத்தக்கவர். தென்னிந்தியக் குடைவரைக் கோயில்கள் பற்றிய அவரது பிரெஞ்சு நூலின் இரண்டாம் தொகுதி 1975 இல் வெளிவந்தது. அது தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பற்றியது. முருகன் படிமவியல் குறித்து 1978 இல் நூல் வெளியிட்ட பிரான்சுவாசு லெர்னோ இத்துறையில் உழைத்த மற்றொருவர். இவர்களுக்கு முன்னோடியாக, புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த கபிரியேல் சூவோ-துப்ரேய் (1885–1945) பல்லவர் சின்னங்களைத் தேடி அலைந்தவர். அவரது தென்னிந்தியத் தொல்லியல் நூல் 1914 இல் வெளியாயிற்று.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரமும் திண்டிவனமும் தலா 40 கிலோமீட்டர் அளவு தொலைவில் உள்ளன. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய இவ்வட்டாரம் ஆய்வாளர்களுக்கு அண்டை வயல் போன்றது. வரலாற்றுச் சின்னங்களும் இங்கு நெருக்கமாக உள்ளன. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் கூறும் மண்டகப்பட்டுக் குடைவரை விழுப்புரத்திற்கு அருகில் உள்ளது. அவனுடைய மற்றொரு குடைவரை தளவானூரில் உள்ளது. இராசசிம்ம பல்லவன் எடுத்த பனைமலைத் தாளகிரீசுவரர் கோயிலில் அம்மன் ஓவியம் ஒன்றின் எச்சம் காணப்படுகிறது. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்திற்கும் தனித்தனியே கோயில்கள் எடுப்பித்தார். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ளது. செஞ்சிக் கோட்டையைப் பற்றி ழான் தெலோசு எழுதிய விரிவான நூலின் ஆங்கிலப் பதிப்பு 2005 இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது.

எசாலம் இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பான எடுத்துக்காட்டு. இவ்வூர்ச் சிவன் கோயிலில் 1987 இல் முதலாம் இராசேந்திரன் காலச் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவற்றைப் பற்றி எழுதிய கட்டுரை, மேற்கூறிய பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் இதழில் அவ்வாண்டுத் தொகுதியிலேயே இடம்பெற்றது. ஒரு புதையல் வெளிப்பட்டவுடன் படமும் அளவும் விளக்கமுமாக அச்சேறிவிட்டால், பிற்காலத்தில் அதிலிருந்து ஒரு பொருளை யாரும் ஓசையின்றி விற்றுவிடுவது கடினம்.

அடுக்குமுறையும் ஊர்ப்பெயர்ச் சிக்கலும்

கோயில் ஒளிப்படத் தொகுப்புகள் பொதுவாக இட அடிப்படையிலேயே அடுக்கப்படுகின்றன. மாவட்டம், வட்டம், ஊர், கோயில், கோயிலுக்குள் இருக்கும் இடம் என்று படிப்படியாக இறங்கி, இறுதியில் ஒவ்வொரு படத்திற்கும் அதன் நெகட்டிவ் எண் வழங்கப்படும். அச்சுப் படிக்கும் நெகட்டிவுக்கும் ஒரே எண் இருப்பது இன்றியமையாதது. எண் அறுந்துபோன படம் அழகானதாக இருக்கலாம். ஆனால் அது எந்தக் கோயிலைக் காட்டுகிறது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

இடத்தை அடிப்படையாகக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. இடம் நகராது, அதன் நிர்வாகப் பெயர் நகரும். 1956 இல் படமெடுக்கப்பட்டபோது விழுப்புரம், திண்டிவனம், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் ஆகிய அனைத்தும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1993 செப்டம்பர் 30 அன்று அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடபகுதி விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்றும், எஞ்சிய பகுதி தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்றும் பெயர் பெற்றன. தலைவர்களின் பெயர்கள் 1997 இல் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டபோது இவை விழுப்புரம், கடலூர் மாவட்டங்களாயின. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆகவே கள்ளக்குறிச்சி வட்டத்து வீரசோழபுரம் என்ற ஒரே ஊர், 1956 ஆம் ஆண்டு அட்டையில் தென்னார்க்காட்டிலும், 2000 ஆம் ஆண்டுப் பட்டியலில் விழுப்புரத்திலும், இன்றைய வரைபடத்தில் கள்ளக்குறிச்சியிலும் இருக்கும்.

இதற்குப் பழைய அட்டையைத் திருத்துவது தீர்வன்று. படமெடுத்த நாளில் எழுதப்பட்ட விவரம் தானே ஒரு சான்று என்பதால், அதை அப்படியே விட்டுவிட்டு இன்றைய மாவட்டப் பெயரைத் தனிப் புலத்தில் சேர்ப்பதே ஆவணவியல் மரபு. இன்று நிலநிரைக்கோட்டு, நிலநேர்க்கோட்டு அளவுகளையும் சேர்த்துவிடுவதால் மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் இடம் தவறாது.

ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர்களை எழுதும்போது குழப்பம் மேலும் பெருகுகிறது. விழுப்புரத்தின் ழகரம் ஒரு பட்டியலில் ஒருவாறும் இன்னொன்றில் வேறுவாறும் எழுதப்படும். செஞ்சியை ஆங்கிலேயர் எழுதிய விதம் வேறு, பிரெஞ்சுக்காரர் எழுதிய விதம் வேறு. தமிழ்நாடு அரசு 2020 சூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, அதே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றது. தமிழ் வடிவத்தை முதன்மைப் பெயராகக் கொண்டு மற்ற வடிவங்களை மாற்றுப் பெயர்களாக இணைத்தால் தேடுவோர் எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் படம் கிடைக்கும்.

மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. படத்தில் உள்ள திருமேனி அக்கோயிலுக்கே உரியதா, அல்லது பாதுகாப்புக்காக வேறு கோயிலிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டதா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. தமிழ்நாட்டில் சிற்றூர்க் கோயில்களின் உலாத் திருமேனிகள் பெரிய கோயில்களிலும் பாதுகாப்பு மையங்களிலும் சேர்த்து வைக்கப்படுவது வழக்கம். எனவே உரிய கோயில், படமெடுத்த இடம், தற்போதைய இருப்பிடம் என மூன்று புலங்கள் தேவைப்படுகின்றன. இம்மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதிய பட்டியல்கள் பின்னர் வழக்குகளில் தடுமாற்றம் தரும்.

எண்ணிமப்படுத்தல்

அசிட்டேட்டு பிலிம்கள் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மெல்லச் சிதைந்து காடி நாற்றம் வீசும். ஒரு பெட்டியில் ஒரு சுருள் கெட்டால் அதிலிருந்து வெளியேறும் அமில ஆவி அடுத்த சுருளையும் கெடுக்கும். கடற்கரை ஊரான புதுச்சேரியில் ஈரப்பதம் குறைந்த குளிரறை இன்றி நெகட்டிவைக் காப்பது இயலாது. படங்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் பணிக்கு இதுவும் ஒரு காரணம்.

நெகட்டிவை ஒளிவருடி மூலம் படியெடுக்கும்போது இருவகைக் கோப்புகள் உருவாக்குவது பொது நடைமுறை. இழப்பின்றிச் சேமிக்கும் டிஃப் வடிவக் கோப்பு மூலப்படியாகத் தொடப்படாமல் வைக்கப்படும். பார்வையாளருக்குச் சிறிய ஜேபெக் வடிவக் கோப்பு வழங்கப்படும். கோப்பின் பெயரில் பழைய நெகட்டிவ் எண்ணே தொடர்வது நல்லது. அட்டையையும் பெட்டியையும் கணினிக் கோப்பையும் இணைக்கும் கயிறு அந்த எண்தான். கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்பதை அறிய ஒவ்வொன்றிற்கும் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு வைப்பர். மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒரு படி வேறு ஊரில் என்பது காப்பாளர் பலரும் பின்பற்றும் விதி ஆகும்.

படத்தைப் பற்றிய விவரங்கள் மீதரவு எனப்படும். 1995 இல் உருவான டப்ளின் கோர் என்னும் திட்டத்தில் தலைப்பு, ஆக்கியோர், நாள், இடம், உரிமை முதலிய 15 புலங்கள் உள்ளன. எண்ணிமக் கருவிகள் படக்கோப்பிற்குள் தாமாகவே எழுதும் எக்சிஃப் விவரத்தில் நாளும் நேரமும் இருக்கும். ஆனால் பழைய நெகட்டிவை வருடும்போது அவ்விடத்தில் வருடிய நாள் பதிவாகிவிடும். 1956 இல் எடுத்த படம் 2006 இல் எடுத்ததாகக் கணினி கூறினால், திருட்டு வழக்கில் அது எதிர்த்தரப்பிற்கு வாய்ப்பாகும். படமெடுத்த நாளையும் எண்ணிமப்படுத்திய நாளையும் வேறுவேறு புலங்களில் கையால் எழுதியே ஆக வேண்டும்.

தமிழில் விவரம் எழுதிய தொகுப்புகளுக்கு எழுத்துருவால் வந்த தொல்லை வேறு. ஒருங்குறி பரவுவதற்கு முன் டாம், டாப், திசுக்கி, பாமினி எனப் பல குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்பட்டியல் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு 2010 இல்தான் ஒருங்குறியையும் தேசு 16 குறியாக்கத்தையும் ஏற்றது. அதற்கு முன் செய்யப்பட்ட பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது உண்டு என்பதால், ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

சிலை மீட்பில் பங்கு

பண்பாட்டுப் பொருட்களின் சட்டப்புறம்பான கடத்தலைத் தடுக்கும் யுனெசுக்கோ உடன்படிக்கை 1970 இல் ஏற்கப்பட்டது. இந்தியா 1977 இல் அதை உறுதிசெய்தது. திருட்டுப் பொருளைத் திரும்பக் கேட்கும் நாடே, தன் உரிமையை நிறுவத் தேவையான ஆவணங்களைத் தன் செலவில் அளிக்க வேண்டும் என்று அவ்வுடன்படிக்கையின் 7 ஆம் விதி கூறுகிறது. சுமை முழுவதும் இழந்தவர் மீதே விழுகிறது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்த போதிலும், எண்ணற்ற கோயில் திருமேனிகளுக்குப் படமே எடுக்கப்படவில்லை.

படமில்லாத நிலையில் என்ன நேரும் என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்கு சான்றாகும். 1976 இல் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டுக் கடத்தப்பட்ட இத்திருமேனி இலண்டனில் பிடிபட்டது. புதையுண்டு கிடந்த பொருளுக்குப் பழைய படம் இருக்க வழியில்லை. படிம வடிவம், ஒட்டியிருந்த மண், கறையான் தடம் ஆகியவற்றை வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்ட பின்பே, 1991 இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பையடுத்து அது தமிழகம் திரும்பியது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் நடராசரின் கதை இதற்கு மாறானது. பூட்டிக் கிடந்த அக்கோயிலின் திருமேனிகள் களவு போனது 2008 இல்தான் வெளிப்பட்டது. அதே ஆண்டில் ஆத்திரேலிய தேசியக் கலைக்கூடம், நியூயார்க் வணிகர் சுபாசு கபூரிடமிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு நடராசரை வாங்கியிருந்தது. பிரெஞ்சு நிறுவன ஆவணகத்தில் ஸ்ரீபுரந்தான் நடராசரின் 1994 ஆம் ஆண்டுப் படம் இருந்தது. அதனுடன் கலைக்கூடத்தின் படத்தை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்பது தெளிவாயிற்று.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் இவ்வாறே அடையாளம் காணப்பட்டது. நியூ சவுத் வேல்சு கலைக்கூடம் 2004 இல் கபூரிடம் வாங்கிய சிலையும், கோயில் மாடத்தில் 1974 இல் எடுக்கப்பட்ட படத்தில் உள்ள சிலையும் ஒன்றாயின. 2014 செப்டம்பர் 5 அன்று ஆத்திரேலியப் பிரதமர் டோனி அபோட் இவ்விரு சிலைகளையும் புது தில்லியில் இந்தியாவிடம் ஒப்படைத்தார். 2011 இல் செருமனியில் கைதான கபூர் 2012 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம், அரியலூர் மாவட்டச் சிலைத் திருட்டு வழக்கொன்றில் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

வீரசோழபுரம் திருமேனி மிக நீண்ட பயணம் செய்தது. சுந்தரரும் பரவை நாச்சியாரும் சேர்ந்து நிற்கும் இத்திருமேனி, வாசிங்டனில் உள்ள சிமித்சோனியன் நிறுவனத்தின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்திற்கு 1987 இல் ஆர்தர் சாக்லரின் பெருங்கொடையில் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அருங்காட்சியகத்தினர் தம் பொருட்களின் முன்வரலாற்றை ஆராய்ந்தபோது புதுச்சேரி ஆவணகத்தின் துணையை நாடினர். அத்திருமேனி 1956 இல் வீரசோழபுரம் சிவன் கோயிலில் படமெடுக்கப்பட்டிருந்தது. மன்னார்குடி வட்டம் ஆலத்தூர்ச் சோமாசுகந்தர் 1959 ஆம் ஆண்டுப் படத்திலும், திருத்துறைப்பூண்டிக் கோயிலின் நடராசர் 1957 ஆம் ஆண்டுப் படத்திலும் காணப்பட்டனர். இந்தியத் தொல்லியல் ஆய்வகமும் இம்முடிவுகளை ஏற்றது. மூன்றையும் இந்தியாவிடம் திருப்பித் தருவதாக 2026 சனவரியில் அருங்காட்சியகம் அறிவித்தது. நடராசர் மட்டும் நீண்டகாலக் கடனாக அங்கேயே காட்சிக்கு வைக்கப்படும் என்றும் தெரிவித்தது.

ஆவணகம் உருவான ஆண்டிலேயே, அன்றைய தென்னார்க்காட்டின் ஒரு சிற்றூரில் எடுத்த படம், ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது. 1956 இல் எடுத்தவருக்கு இப்படியொரு பயன் மனத்தில் இருந்திருக்க முடியாது.

குறைபாடுகள்

எல்லாப் படங்களும் ஒப்பீட்டுக்கு உதவுவதில்லை. பட்டும் மாலையும் அணிந்து அலங்காரத்துடன் உள்ள உலாத் திருமேனியின் படத்தில் முகம் தவிர வேறெதுவும் தெரியாது. ஒரே கால நடராசர் திருமேனிகள் பல ஒன்றுபோல இருப்பதால், வார்ப்பில் ஏற்பட்ட குறை, ஒடிந்த சுடர், பீடத்தின் தேய்வு போன்ற தனி அடையாளங்களை வைத்தே உறுதி செய்கின்றனர். முன்பக்கப் படம் மட்டும் இருந்தால் இது கடினம். பின்புறத்தையும் பீடத்தையும் படமெடுத்து, உயரத்தை அளந்து எழுதிய அட்டைகளே வலுவானவை. படமெடுக்கப்படாத ஊர்களுக்கு ஆவணகத்தால் எந்த உதவியும் செய்ய முடியாது. 1956 க்கு முன் களவு போனவற்றுக்கும் இதுவே நிலை.

படங்களைப் பொதுவில் வெளியிடுவதிலும் இருவேறு கருத்துகள் உள்ளன. எந்தச் சிற்றூரில் எந்தத் திருமேனி உள்ளது என்பதைக் கள்வருக்கும் காட்டிக்கொடுக்கும் என்பது ஒன்று. படம் வெளியில் இருந்தால் வாங்குபவர் அஞ்சுவார் என்பது மற்றொன்று. ஸ்ரீபுரந்தான் நடராசரின் படம் விற்பனைக்கு முன்பே எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்திருந்தால், கலைக்கூடம் அதை வாங்கியிருப்பது அரிது என்பதை நோக்க, இரண்டாவது கருத்தே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

பிற ஆவணகங்களும் சங்கத் தொகுப்புகளும்

தமிழ்நாட்டு ஒளிப்பட நிலையங்களின் பழைய படங்களையும் நெகட்டிவுகளையும் தேடி எண்ணிமப்படுத்தும் பணியை 2010 களில் பிரெஞ்சு நிறுவனம் மேற்கொண்டது. பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டம் இதற்கு நிதி அளித்தது. குடும்பப் படங்களும் திருமணப் படங்களும் அடங்கிய இவற்றில் படத்தில் இருப்பவர் பெயர் அரிதாகவே எழுதப்பட்டிருக்கும் என்பதால், நிலையத்தின் பெயரும் ஊரும் தரும் குறிப்பே முதல் பிடியாகிறது. ஈழத்து ஆவணங்களுக்கு 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், பின்னர் ஒளிப்படம், ஒலி, நிகழ்படம் ஆகியவற்றுக்கென ஆவணகம் என்னும் தனித் தளத்தையும் உருவாக்கியது.

வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர் முதலியோரின் தொழில்முறைச் சங்கங்கள் தம் மாநாட்டுப் படங்களைத் தொகுக்கும்போதும் இம்முறைகளே பொருந்தும். அங்குக் கோயிலின் இடத்தை நிகழ்வு பிடித்துக்கொள்கிறது: நாள், ஊர், அரங்கு, நிகழ்வு என்று அடுக்கலாம். குழுப்படங்களில் அமர்ந்திருப்போர், நிற்போர் என வரிசைவாரியாக இடமிருந்து வலமாகப் பெயர் எழுதும் பழைய வழக்கம், எந்த மென்பொருளையும் விட நம்பகமானது. அப்பெயர்களை அறிந்த மூத்த உறுப்பினர்கள் இருக்கும்போதே அது எழுதப்பட வேண்டும்.

உரிமையும் பதிவு செய்யப்பட வேண்டிய புலமாகும். 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் செய்தவரே. உறுப்பினர் ஒருவர் தாமாக எடுத்த படம் அவருக்கே உரியது. ஒளிப்படங்களுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்றிருந்த காலவரை 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டு, எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் என்றாயிற்று. ஆகவே எடுத்தவர் பெயர் தெரியாத படத்தின் உரிமைக் காலத்தைக் கணக்கிடுவது முன்னிலும் கடினமாகியுள்ளது.